பிழைக்க வந்தவர்களோடு சேர்ந்து துணிச் சித்திரம் செய்வது எப்படி? நெல்லைச் சீமைக்கான முழுமையான வழிகாட்டி

ஓவியம் படித்துவிட்டு ஊர் திரும்பும் பிள்ளைகள் பலர், வெளியிலிருந்து இங்கே வந்து வாழ்கிறவர்களோடு சேர்ந்து ஏதாவது செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். நல்ல ஆசை. கங்கைகொண்டான் சிப்காட், கூடங்குளம் கட்டுமானப் பணி, ராதாபுரம் பக்கத்துக் கல்குவாரி, செங்கல் சூளை, வண்ணார்பேட்டை ஹோட்டல்களின் அடுப்படி என வடக்கேயிருந்து வந்தவர்கள் இல்லாத வேலையிடம் இப்போது குறைவு. இன்னொரு பக்கம் கங்கைகொண்டான், கோபாலசமுத்திரம், பெருமாள்புரம் முகாம்களில் இலங்கைத் தமிழர்கள் தலைமுறை தாண்டி இருக்கிறார்கள்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஏறக்குறைய எல்லோரும் தூரிகையிலிருந்து தொடங்குகிறார்கள். தூரிகை கைக்கு வருவதற்கு முன் ஆறு படிகள் இருக்கின்றன. அவற்றைத் தாண்டிக் குதித்தவர்களின் வேலை பாதியில் நிற்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

இங்கே நான் சொல்வது துணியில் பலர் சேர்ந்து செய்யும் சித்திரத்துக்கான வழி. ஆளுக்கொரு துண்டுத் துணியில் வரைந்து, கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகத் தைப்பது. சுவரை விட்டுவிட்டுத் துணியை எடுத்ததற்குக் காரணம், வரைந்தவர்கள் ஊர் மாறும்போது சுவர் கூட வராது. துணியை மடித்துப் பையில் வைத்து ரயில் ஏறிவிடலாம்.

1. யாரோடு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"புலம்பெயர்ந்தவர்கள்" என்று மொத்தமாக ஒரு கூட்டம் கிடையாது. சூளையில் குடும்பத்தோடு தங்கியிருப்பவர்கள், பேட்டைப் பக்கம் ஒரே அறையில் எட்டுப் பத்துப் பேராக இருக்கும் இளைஞர்கள், முகாமில் பிறந்து வளர்ந்து கல்லூரிக்குப் போகும் பெண்கள். இவர்களுடைய நேரமும் பயமும் தேவையும் வேறு வேறு. முதல் வேலைக்கு ஒரே இடம், ஒரே குழு என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்திலிருந்து பதினைந்து பேர் போதும். அதற்கு மேல் போனால் ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார உங்களுக்கு நேரம் இருக்காது. அப்புறம் அது பட்டறையாகிவிடும், கூட்டு வேலையாக இருக்காது.

முகாமும் சூளையும் சேர்ந்து ஒரே துணியில் வந்தால் அழகாக இருக்கும் என்று தோன்றும். அந்த யோசனையை இரண்டாவது வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முகாமில் உள்ளவர்கள் அடுத்த வருடமும் அங்கேதான் இருப்பார்கள், சூளைக் குடும்பம் மழைக்கு முன் போய்விடும். இரண்டு வேகத்தையும் ஒன்றாக இழுத்துப் பிடிக்க அனுபவம் வேண்டும்.

2. காலண்டரை எடுத்து வைத்து உட்காருங்கள்

நமக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் பெரிய மழை. அந்த மாதங்களில் சூளை ஓடாது, ஆளும் இருக்காது. தை பிறந்த பிறகு வேலை சூடு பிடிக்கும். ஆகவே சூளைக் குடும்பங்களோடு செய்வதாக இருந்தால் தை முதல் பங்குனிக்குள் வரையும் வேலை முடிய வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் மத்தியானம் தகரக் கூரைக்குக் கீழே யாரையும் உட்கார வைக்கக் கூடாது.

அவர்களுடைய பண்டிகைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். பீகார்க்காரர்களுக்குத் தீபாவளி கழிந்து ஆறாம் நாள் சட் பூஜை. மேற்கு ஒடிசாக்காரர்களுக்கு விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் நுவாகாய் என்ற புத்தரிசித் திருநாள். வங்காளிகளுக்குத் துர்கா பூஜை. இதற்கெல்லாம் ஊருக்குப் போகிறவர்களில் பலர் அதே வேலையிடத்துக்குத் திரும்பி வருவதில்லை. அடுத்த நிலையைப் பண்டிகைக்குப் பிறகு என்று வைத்துவிட்டு வெறும் கொட்டகையைப் பார்த்து நிற்பதுதான் புதியவர்களுக்கு வழக்கமாக நடப்பது.

வாரத்தில் எந்த நாள்? பெரும்பாலும் சனிக்கிழமை சாயங்காலம் கூலி கைக்கு வரும். அன்றைக்கு யாருக்கும் மனது இதில் நிற்காது. ஞாயிறு காலை காய்கறி வாங்க, ஊருக்குப் பணம் போட, துணி துவைக்கப் போய்விடும். ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு மேல்தான் அவர்களுக்கென்று கொஞ்சம் நேரம். அதில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுக்காதீர்கள். செங்கல் அறுக்கிறவர்கள் வெயிலுக்குப் பயந்து இரவிலேயே எழுந்து வேலையைத் தொடங்குவார்கள், சீக்கிரம் தூங்க வேண்டும்.

3. சம்மதத்துக்கு ஒரு வரிசை உண்டு

முகாமுக்குள் வெளியாள் நினைத்தபோது போய் வர முடியாது. மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். என்ன செய்யப் போகிறீர்கள், எத்தனை பேர் வருவீர்கள், கேமரா உண்டா, எந்த நாட்கள் என்று ஒரே பக்கத்தில் தெளிவாக இருக்கட்டும். அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறைக்கு நகல் அனுப்புங்கள். 2021-இல் அரசு இவற்றை "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்று பெயர் மாற்றியது. விண்ணப்பத்தில் அந்தப் பெயரையே எழுதுங்கள், "அகதி முகாம்" வேண்டாம். முகாம் தலைவரை அதற்கு முன்பே பார்த்துப் பேசிவிடுவது நல்லது. செக்கிங் நாட்கள் எவை என்று அவர்தான் சொல்வார். அந்த நாட்களில் எல்லோரும் ஆள் கணக்குக்கு நிற்க வேண்டியிருக்கும், உங்களுக்கு யாரும் கிடைக்க மாட்டார்கள். எப்படி அணுகுவது என்று தெரியாவிட்டால் 1984 முதல் இவர்களிடையே வேலை செய்துவரும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தாரிடம் கேட்கலாம்.

சூளையிலோ கட்டுமான இடத்திலோ முதலில் முதலாளி, அடுத்து ஆட்களைக் கூட்டி வந்த மேஸ்திரி அல்லது சர்தார், அப்புறம் ஒவ்வொரு ஆளாக. முதலாளி சரி என்றால் கேட் திறக்கிறது, அவ்வளவுதான். அதை ஆட்களின் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மேஸ்திரி பக்கத்தில் நிற்கும்போது யாரும் "எனக்கு வேண்டாம்" என்று சொல்ல மாட்டார்கள். தனியாகக் கேளுங்கள். பெண்களிடம் ஒரு பெண் போய்க் கேட்கட்டும். வேண்டாம் என்றவர்களின் பெயர் மேஸ்திரிக்குப் போகக் கூடாது.

ஒரே தாளில் கையெழுத்து வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். மூன்று தனித்தனிச் சம்மதங்கள் வேண்டும்: வரைய, மற்றவர்களுக்குக் காட்ட, இணையத்தில் போட. முதலாவதுக்குச் சரி என்றவர் மூன்றாவதுக்கு மறுக்கலாம், அவருக்கு அதற்கு வலுவான காரணம் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் அவர்கள் மொழியிலேயே பேசி, பதிலைக் குரல் பதிவாக எடுத்து அவர்களுடைய வாட்ஸ்அப்புக்கும் அனுப்பிவிடுங்கள். பேசியது இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். கட்டைவிரல் ரேகை மட்டும் வேண்டாம். முன்பணம் வாங்கிய தாளில் ரேகை வைத்தவர்களுக்கு அந்த நீல மை எதை ஞாபகப்படுத்தும் என்று நினைத்துப் பாருங்கள்.

போகிற இடத்தில் முன்பணக் கடனைச் சொல்லி ஆட்களை வெளியே விடாமல் வைத்திருப்பது தெரிந்தால், அது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வரும் குற்றம். ஆட்சியரிடமோ சார் ஆட்சியரிடமோ புகார் கொடுக்கலாம், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும். குழந்தைகளை வேலை வாங்கினால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். இப்படிக் கண்டதைப் படமாக வரைந்து முதலில் ஊருக்குக் காட்டுவது தவறான வரிசை. படம் வெளியே வந்த அன்று ராத்திரி அந்தக் குடும்பம் எங்கே தூங்கும் என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

4. பணத்தை முதலிலேயே பேசிவிடுங்கள்

நம் ஊர் ஓவியர்களுக்கு மிகவும் கூச்சம் தரும் படி இது. ஆனால் கூட்டு வேலை நிற்பதும் விழுவதும் இதில்தான்.

சூளையில் கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. ஒரு பெண் இரண்டு மணி நேரம் உங்களோடு உட்கார்ந்தால், காய வைத்த கல்லைத் திருப்பிப் போடுவதோ சமையலோ தள்ளிப் போகிறது. அந்த நேரத்துக்குக் கூலி கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு அரை நாள் சம்பளம் என்று வைப்பதே என் வழக்கம். வரைவதில் கெட்டிக்காரருக்கும் முதல் தடவை பிரஷ் பிடிப்பவருக்கும் ஒரே தொகை. திறமைக்கு ஏற்ற கூலி என்று போனால் அடுத்த வாரம் கெட்டிக்காரர்கள் மட்டும்தான் வருவார்கள்.

அன்றைய பணத்தை அன்றே, ரொக்கமாக, அவரவர் கையில் கொடுங்கள். மேஸ்திரியிடம் மொத்தமாகக் கொடுத்தால் பெரும்பாலும் அது முன்பணக் கணக்கில் கழிந்துவிடும். கணவன் கையில் மனைவியின் கூலியைக் கொடுப்பதும் வேண்டாம்.

உங்களிடம் இருக்கும் மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்காவது வரைபவர்களின் கூலிக்கு என்று ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் துணி, சாயம், வண்டி, மொழிபெயர்ப்பு எல்லாம் பாருங்கள். அப்படி ஒதுக்க முடியாத தொகை என்றால் ஆட்களைக் குறையுங்கள், கூலியைக் குறைக்காதீர்கள். நிதி கொடுப்பவர்களின் பட்டியலில் "பங்கேற்பாளர் சிற்றுண்டி" என்று ஒரு வரி இருக்கும். டீயும் வடையும் கூலி ஆகாது.

முகாமில் இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டும். அங்கே ஆண்களில் நிறையப் பேர் பெயின்டிங் வேலைக்குப் போகிறவர்கள். பட்டி பார்ப்பது, பிரைமர் அடிப்பது, சாரம் கட்டுவது எல்லாம் நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களை வைத்துச் சுவர் வேலை ஏதாவது செய்தால் பெயின்டருக்கு வெளியே என்ன நாள் சம்பளமோ அதைக் கொடுத்து, அந்தப் பகுதிக்கு அவர்களையே தலைவராக்குங்கள்.

5. இடையில் நின்று பேசும் ஆள்

இந்தி தெரிந்தால் போதும் என்று நினைத்து வருகிறார்கள். ஒடியாவும் வங்காளமும் சந்தாலியும் பேசுகிறவர்களில் பலருக்கு இந்தி வேலையிடத்து மொழி மட்டும்தான். "கல்லை எடு, மணலைக் கொட்டு" வரை வரும். வீட்டைப் பற்றிப் பேச அது போதாது.

யாரை வைக்கலாம்? ஜங்ஷன் பக்கமோ பாளையங்கோட்டையிலோ பல வருடமாக இருந்து தமிழ் நன்றாகப் பேசும் அதே ஊர்க்காரர் ஒருவர் இருப்பார். ஹோட்டல் மாஸ்டராகவோ பானிபூரி வண்டிக்காரராகவோ இருக்கலாம். அவரைக் கூலி கொடுத்து அழைத்து வாருங்கள். மேஸ்திரி வேண்டாம். பள்ளிக்கூடம் போய்த் தமிழ் பிடித்துக்கொண்ட பிள்ளைகளும் வேண்டாம். விளையாட்டுப் பேச்சுக்குச் சரி. அம்மாவின் கடனையும் அப்பாவின் குடியையும் மொழிபெயர்க்கும் பாரத்தைப் பத்து வயதுப் பிள்ளை மேல் வைக்கக் கூடாது.

முகாமில் மொழிபெயர்ப்புத் தேவையில்லை. அதனாலேயே அங்கே இடறுவது அதிகம். நம்ம மொழிதானே என்று முதல் நாளே உரிமையோடு ஆழமான கேள்விகளுக்குப் போய்விடுகிறார்கள். தமிழ் தெரிந்த அதிகாரிகளுக்கும் தமிழ் தெரிந்த போலீசுக்கும் வருடக்கணக்கில் பதில் சொன்னவர்கள் அவர்கள். உங்கள் கேள்வியும் அதே தொனியில் விழும்.

6. முதல் சில வாரம் வரையாதீர்கள்

சும்மா போய் உட்காரவும் வேண்டாம், அது அவர்களுக்குச் சங்கடம். அவர்களுக்குப் பயன்படும் ஒன்றைச் செய்யுங்கள். எனக்குத் தெரிந்து மிக நன்றாகப் பலிப்பது குடும்பப் போட்டோ. விரும்பியவர்களை அவர்கள் விரும்பிய சட்டையில், விரும்பிய இடத்தில் எடுத்து, அடுத்த வாரம் ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டுக் கையில் கொடுங்கள். போனில் நூறு படம் இருந்தாலும் தாளில் ஒரு குடும்பப் படம் பலரிடம் இல்லை. ஊருக்கு அனுப்பக் கூடுதலாக ஒரு பிரதியும் போடுங்கள்.

இதில் நடப்பது என்னவென்றால், அவர்கள் தங்களை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்புகிறார்கள் என்பதை நீங்கள் பார்த்துவிடுகிறீர்கள். சேறு ஒட்டிய கையோடு நிற்க யாரும் கேட்க மாட்டார்கள். எண்ணெய் வைத்துத் தலை வாரி, பைக் பக்கத்தில், கண்ணாடி போட்டு நிற்பார்கள். பின்னால் துணியில் அவர்களை நீங்கள் "உழைக்கும் மக்கள்" என்று அழுக்கு நிறத்தில் தீட்டத் துடிக்கும்போது இந்தப் போட்டோ உங்களைத் தடுக்கும்.

சொன்ன நாளில் பிரிண்டோடு வருவது முக்கியம். படம் எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வராத ஆட்களை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

7. துணியும் சாயமும்

காடா துணி வாங்குங்கள். கஞ்சியோடு அப்படியே வரைந்தால் சாயம் மேலாகவே நிற்கும், முதல் துவைப்பில் துணி சுருங்கிப் படம் கோணிவிடும். ராத்திரி முழுக்க ஊற வைத்து, சலவைச் சோடா போட்டுக் கொதிக்க வைத்து, அலசிக் காயப் போட்டு இஸ்திரி போடுங்கள். அப்புறம்தான் வெட்ட வேண்டும். முன்னாலேயே வெட்டினால் அளவு மாறும்.

ஆளுக்கு இரண்டடிச் சதுரத் துண்டு ஒன்று. நான்கு பக்கமும் ஓர் அங்குலம் தையலுக்கு விட்டுப் பென்சிலில் கோடு போட்டுக் கொடுங்கள். இந்தக் கோடு இல்லாவிட்டால் முகத்தின் பாதி தையலுக்குள் போய்விடும்.

புளியங்கொட்டைப் பசையில் சுண்ணாம்புப் பொடி கலந்து துணியில் பூசி, அதன் மேல் வரைவது ஒடிசாவின் பட்டசித்திர முறை. மிக நன்றாக இருக்கும். ஆனால் அந்தப் பூச்சு மடித்தால் வெடிக்கும். மடித்துக் கொண்டுபோக வேண்டிய துணிக்கு அது சரிவராது. பூச்சில்லாத துணியில், துணிக்கென்று விற்கும் அக்ரிலிக் சாயத்தைத் தண்ணீர் குறைவாகச் சேர்த்துப் போடுங்கள். ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகு பின்பக்கம் இஸ்திரி போட்டால் நிறம் பிடித்துக்கொள்ளும். நிறங்கள் ஏழுக்கு மேல் வேண்டாம். டப்பா கூடினால் எல்லாம் கலந்து சாணி நிறமாகும். அகலப் பிரஷ், முடி கொஞ்சம் கடினமானது. மெல்லிய பிரஷ் துணியில் ஓடாது, புதியவர்கள் தங்கள் கைதான் சரியில்லை என்று நினைத்து எழுந்துவிடுவார்கள்.

8. என்ன வரைவது

"உங்கள் கஷ்டத்தை வரையுங்கள்" என்று தொடங்காதீர்கள். "உங்கள் ஊர்க் கலையை வரையுங்கள்" என்றும் வேண்டாம். பீகாரின் மிதிலைப் பகுதியிலிருந்து வந்தவர் எல்லோருக்கும் அந்தப் பக்கத்து மதுபனி ஓவியம் தெரியாது. கல் சுமக்க வந்தவரிடம் பாரம்பரியம் கேட்டு நிற்பதும் ஒரு வகை அதிகாரம்தான்.

அளவோடு பதில் சொல்லக்கூடிய கேள்வியாக இருக்க வேண்டும். நான் அதிகம் நம்புவது வீட்டின் தரைப்படம். ஊரில் இருந்த வீட்டில் வாசல் எந்தப் பக்கம், அடுப்பு எங்கே, தண்ணீர் எங்கிருந்து வரும், நீங்கள் எங்கே தூங்குவீர்கள்? கோடு போடத் தெரிந்தால் போதும், வரையத் தெரிய வேண்டியதில்லை. மாட்டுத் தொழுவம், முருங்கை மரம், பாம்பு வந்த மூலை என்று தானாகவே வந்துகொண்டிருக்கும். எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதும் அவர் கையிலேயே இருக்கும். ஓர் அறையை வெறுமையாக விட்டால் ஏன் என்று கேட்காதீர்கள்.

முகாமில் இதே கேள்வி தலைமுறைக்குத் தலைமுறை மாறும். பாட்டிக்கு அக்கரையில் ஒரு வீடு இருந்தது. பேத்தி பிறந்ததே இங்கே, அவளுக்கு வீடு என்றால் முகாம் வரிசை வீடுதான். அவளைப் போர் பற்றி வரையச் சொல்லாதீர்கள். கல்லூரிப் பேருந்தும் தோழியின் ஸ்கூட்டியும் வரைகிறாள் என்றால் அதுதான் அவளுடைய துண்டு. இலங்கைத் தமிழர் என்றால் கண்ணீர் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பார்க்க வருகிறவர்களின் பழக்கம். அதற்கு அவள் பொறுப்பில்லை.

தரைக்கோலம் ஒரு நல்ல இணைப்பு. ஒடிசாவில் ஜோட்டி, வங்காளத்தில் ஆல்பனா, மிதிலையில் அரிபன் எல்லாமே அரிசி மாவைக் கரைத்துத் தரையில் போடுவது. நம் மாக்கோலமும் அதுதான். பெண்கள் இருக்கும் குழுவில் ஒரு நாள் உள்ளூர் அக்கா ஒருவரை அழைத்து வந்து இரண்டு பேரையும் பக்கம் பக்கமாகத் தரையில் போடச் சொல்லுங்கள். பேச மொழி வேண்டியிருக்காது. தெரிந்தவர் போடுவார், தெரியாதவர் பார்ப்பார். அதைத் துணிக்குக் கொண்டுவர வேண்டுமா என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும்.

9. வரையும் பிற்பகல்கள்

முதல் அமர்வில் துணியை வெளியே எடுக்காதீர்கள். சிமெண்டுத் தரையில் உடைந்த செங்கல் துண்டும் அடுப்புக்கரியும் போதும். தண்ணீர் ஊற்றினால் போய்விடும் என்று தெரிந்தால் கை தானாக ஓடும். வெள்ளைத் துணியைப் பார்த்தவுடன் "கெடுத்துவிடுவேன்" என்று பின்வாங்குபவர்கள்தான் அதிகம்.

இரண்டாவது அமர்வில் துணி, கரி. மூன்றாவதில் சாயம். இந்த இடைவெளி அவசியம், நடுவாரத்தில் மனது மாறுகிறவர்கள் கரியைத் தட்டி அழித்துவிட்டு வேறு வரையலாம். சாயம் ஏறிய பிறகு அது முடியாது.

நீங்கள் எங்கே உட்கார வேண்டும்? தரையில், அவர்களோடு, உங்களுக்கென்று ஒரு துண்டோடு. சும்மா சுற்றி வந்து மேற்பார்வை பார்த்தால் நீங்களும் இன்னொரு மேஸ்திரி. உங்கள் வீட்டுத் தரைப்படத்தை நீங்களும் போடுங்கள்.

அவர்களுடைய துண்டில் கை வைக்காதீர்கள். கை துறுதுறுக்கும். "இந்த நிழலை மட்டும் கொஞ்சம்" என்று தொட்டால் பக்கத்திலிருப்பவர் உடனே தன் துண்டையும் நீட்டி "நீங்களே போட்டுக் கொடுங்க" என்பார். அன்றோடு அந்தத் துணி உங்களுடையது ஆகிவிடும். எப்படி என்று கேட்டால் உங்கள் துண்டில் போட்டுக் காட்டுங்கள்.

பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு துணியும் தனி ஆளும் வேண்டும். இல்லாவிட்டால் தாய்மார் முழு நேரமும் பிள்ளையைப் பிடித்துக்கொண்டே இருப்பார்கள்.

10. துண்டுகளைக் கோப்பது

எந்தத் துண்டு எங்கே வர வேண்டும் என்பது ஒரு பெரிய முடிவு. ஓவியர்கள் இதை வீட்டில் ராத்திரி உட்கார்ந்து தாங்களே செய்துவிடுகிறார்கள். நிறப் பொருத்தம் நன்றாக வரும், கூட்டு போய்விடும். எல்லாத் துண்டையும் தரையில் விரித்து அவர்களையே அடுக்கச் சொல்லுங்கள். ஒரே மாவட்டத்துக்காரர்கள் பக்கத்தில் வேண்டும் என்பார்கள். மாமனார் துண்டுக்கு மேலே மருமகள் துண்டு வரக் கூடாது என்பார்கள். சண்டைக்காரர் இருவர் தள்ளி வேண்டும் என்பார்கள். நிறம் எப்படிப் போனாலும் பரவாயில்லை, அந்த அடுக்கையே தைக்க வேண்டும்.

தைப்பதற்கு வீரவநல்லூர், மேலப்பாளையம் பக்கம் நல்ல தையல்காரர்கள் இருக்கிறார்கள். குழுவில் தைக்கத் தெரிந்தவர் இருந்தால் கூலியை அவருக்கே கொடுங்கள். துண்டுகளை ஒன்றோடொன்று நிரந்தரமாக இணைக்காமல், பின்னால் ஒரு தாங்கு துணி வைத்து நீளத் தையலில் பிடித்து வைப்பது நல்லது. யாராவது தன் துண்டைத் திரும்பக் கேட்டால் மற்றவை கெடாமல் பிரித்துக் கொடுக்கலாம். கேட்பார்கள், தயாராக இருங்கள்.

11. முகம், பெயர், இணையம்

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக எங்கோ எடுத்த வீடியோக்களை வைத்துப் பொய்ச் செய்தி பரவியது. பயந்துபோய் ஊருக்கு ரயில் ஏறியவர்கள் உண்டு. நீங்கள் நல்லெண்ணத்தோடு போடும் ஒரு காணொளியும் அப்படி வெட்டி ஒட்டப்படலாம். வங்காளம் பேசுகிறவர்களிடம் எந்த நாட்டுக்காரர் என்று ஆவணம் கேட்கும் காலமும் இது. முகாமில் இருப்பவர்களுக்குக் குடியுரிமை, ஊர் திரும்புதல், வெளிநாட்டுப் பயணம் என ஒவ்வொன்றும் ஒரு கோப்பில் நிற்கிறது.

அதனால் இணையத்தில் துணியின் படம் மட்டும் போகட்டும். ஆளின் முகம், வேலையிடத்தின் பெயர்ப்பலகை, ஊரின் சரியான பெயர் எதுவும் கேட்காமல் வெளியே போகக் கூடாது. படத்துக்குள் இடத்தகவல் பதியாமல் இருக்க போன் கேமராவில் அதை அணைத்துவிடுங்கள். பிள்ளைகளின் முகம் எந்தச் சம்மதத்திலும் வேண்டாம்.

பெயர் போட விரும்புகிறவர்கள் தங்கள் துண்டில் தங்கள் எழுத்தில் தாங்களே எழுதட்டும். ஒடியா, வங்காளம், தேவநாகரி, சந்தால் மக்களுக்காக 1925-இல் உருவான ஓல் சிக்கி எழுத்து என எது வந்தாலும் அப்படியே இருக்கட்டும். எழுதத் தெரியாதவர் தனக்கென்று ஒரு குறி போடலாம், பூவோ மீனோ. முழுப் பெயர் வேண்டாம் என்றால் கூப்பிடும் பெயர் போதும்.

12. காட்சி

முதல் காட்சி வரைந்த இடத்திலேயே நடக்க வேண்டும். கொட்டகைக்குள், முகாம் மைதானத்தில், ஞாயிறு சாயங்காலம். அவர்கள் முழுத் துணியைப் பார்த்த பிறகுதான் "வெளியே காட்டலாமா" என்ற கேள்விக்கு அர்த்தம் வரும். சம்மதத்தை அன்றைக்கு மறுபடியும் கேளுங்கள். தன் துண்டை எடுத்துவிடச் சொல்பவர் இருந்தால் அந்த இடத்தை வெற்றுத் துணியாகவே விடுங்கள், வேறொன்றால் நிரப்ப வேண்டாம்.

வெளியே என்றால் பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகம், நெல்லைப் புத்தகத் திருவிழா, கல்லூரி வளாகம் என்று கேட்டுப் பார்க்கலாம். திறப்பு நாளை ஞாயிறு பிற்பகலுக்கு வையுங்கள், வண்டிக்கு ஏற்பாடு செய்யுங்கள், அன்றைக்கும் கூலி கொடுங்கள். புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு விழா வைத்துவிட்டு "அவர்கள் யாரும் வரவில்லை" என்று சொல்வதில் நியாயமில்லை. மேடையேறிப் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள், வரிசையில் நிறுத்திப் பொன்னாடை போர்த்த வேண்டாம். அவரவர் துண்டின் பக்கத்தில் நின்று, வருகிறவர்களிடம் பேச விருப்பமிருந்தால் பேசட்டும். மொழிபெயர்ப்பாளர் அன்றைக்கும் கூட இருக்க வேண்டும்.

திறந்த வெளியில் கட்டுவதானால் ஒன்று. ஆனி முதல் ஆவணி வரை பணகுடி, காவல்கிணறு, ராதாபுரம் பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று சும்மா விடாது. மேலும் கீழும் சவுக்குக் கம்பு கோத்து, நடுவிலும் இரண்டு இடத்தில் கயிறு பிடித்துக் கட்டுங்கள். நேர் வெயிலில் வாரக்கணக்கில் தொங்க விட்டால் முதலில் சிவப்புதான் வெளுக்கும்.

13. காட்சி முடிந்த பிறகு

இது யாருக்குச் சொந்தம் என்பதைத் தொடக்கத்திலேயே பேசியிருக்க வேண்டும், இப்போது எழுத்தில் வையுங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி வரைந்தவர்தான் அந்தப் படைப்பின் ஆசிரியர். யோசனை உங்களுடையது என்பதால் அவர் துண்டு உங்களுடையது ஆகாது. துணி விற்றால் பணத்தை எப்படிப் பிரிப்பது, அச்சில் வந்தால் யார் பெயர் போடுவது, யாரைக் கேட்டுவிட்டு வெளியூருக்கு அனுப்புவது என்ற மூன்றுக்கும் ஒரே பக்கத்தில், அவர்கள் மொழியிலும் தமிழிலும் பதில் இருக்கட்டும். ஓவியர் பெயர் பெரிதாகவும் மற்றவர்கள் "மற்றும் தொழிலாளர்கள்" என்று சிறிதாகவும் வரும் அட்டையை ஏற்காதீர்கள். எல்லாப் பெயரும் ஒரே அளவில் வரட்டும்.

ஒவ்வொருவருக்கும் அவருடைய துண்டின் அதே அளவுப் பிரதியைத் துணியில் அச்சிட்டுக் கொடுங்கள். மூலத்துண்டே வேண்டும் என்றால் அதைக் கொடுத்துவிட்டு அச்சுப் பிரதியைப் பெரிய துணியில் தையுங்கள். குழுவில் நீண்ட நாள் இங்கேயே இருக்கப்போகும் இருவரின் தொலைபேசி எண்ணையும், ஊரில் இருக்கும் உறவினர் எண்ணையும் அவர்கள் சம்மதத்தோடு வாங்கி வையுங்கள். சிம் அடிக்கடி மாறும். பின்னால் பணம் வந்தால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாமல் போவது இதனால்தான்.

பெரிய துணியை மடித்து வைக்காமல் பிவிசி குழாயில் படம் வெளிப்பக்கம் இருக்கும்படி சுற்றி, மேலே பழைய வெள்ளை வேட்டியைப் போர்த்தி வையுங்கள். காய்ந்த வேப்பிலையும் வசம்பும் சின்னத் துணி முடிச்சில் கட்டி உள்ளே போட்டால் பூச்சி அண்டாது. மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை நிழலில் விரித்து ஆற விடுங்கள். யார் வீட்டில், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதிக் குழாய்க்குள் போட்டு, அதன் படத்தை எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.